மூன்றாம் ஓலை

ஜனவரி 20, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கடைக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன டைரி. அண்ணாச்சி தனக்கு எழுத ஒன்றுமில்லை என்று என்னிடம் தள்ளிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வைட்டமின் மாத்திரையின் படம், 'நாளெல்லாம் உற்சாகம்' என்ற வாசகத்தோடு.

நேற்று எனக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை பெயர் கிதியோன். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் சூப்பர்வைசர். நேற்று முழுக்க முகத்தை ஒரு பக்கமாகவே திருப்பி வைத்திருந்தார். கொஞ்சம் தலைக்கனம் போலிருக்கிறது. ஆனாலும் சிரித்தால் நன்றாக இருக்கிறார், அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து இரண்டும் ஒரே வார்த்தையில் போயின. வலிப்பு. பதினாறு வயதில் ஆரம்பித்தது. கடைசியாக வந்து ஆறு வருஷம் நாலு மாதம் ஆகிறது. காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை எட்டு மணிக்கு ஒன்று மாத்திரை. அதைப் போட்டால் நானும் மற்றவர்களைப் போலத்தான். பார்மசி படித்தேன், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

இந்தத் தடவை அம்மா சொல்லவில்லை. "அவங்க கேட்டாத்தான சொல்லணும்? கேக்கலல்லா. வாய மூடிக்கிட்டு இரு, எப்சி" என்றாள். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து என்னைப் படிக்க வைத்தவள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 22, புதன்

கல்யாணம் பிப்ரவரி 24. மார்ச் முதல் வாரம் தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிடும். அதன் பிறகு ஈஸ்டர் முடிகிற வரை எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் எல்லாருக்கும் காலில் சக்கரம்.

"எப்பம்மா ஓலை வாசிக்காவ? அப்படின்னா என்னது?" என்று கடை அண்ணாச்சி கேட்டார். அவர் சுடலைமாடன் கோயில்காரர். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில் ஐயர், அதாவது எங்கள் போதகர், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார், இவர்கள் சேர ஏதாவது தடை இருப்பது தெரிந்தால் சபையில் யாரும் எழுந்து சொல்லலாம் என்பார், அதுதான் ஓலை என்றேன். மாப்பிள்ளையின் கோயிலிலும் இதே போல வாசிப்பார்கள்.

"யாராவது எந்திரிச்சிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல, அண்ணாச்சி."

"பின்ன எதுக்கும்மா மூணு தடவ கேக்காரு?"

தலைவலி மாத்திரை கேட்டு ஆள் வந்ததால் தப்பித்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

ஜெபமணிப் பெரியம்மா வந்து ஜெபித்தாள். பெண்கள் ஜெபக்குழுவுக்கு அவள்தான் தலைவி. தலையில் கை வைத்து அரைமணி நேரம். கழுத்து இறங்கிவிட்டது. முடித்துவிட்டு என் மாத்திரை டப்பாவைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா வரலல்லா? அப்ப கர்த்தர் சுகம் குடுத்தாச்சு. நீதான் நம்பாம மாத்திரையக் கட்டிக்கிட்டு அழுத. விட்டுப் பாரு. விட்டாச்சுன்னா நீ சுகமானவ. சுகமானவ எதுக்கு யார்கிட்ட என்னத்தச் சொல்லணும்?"

போன வருஷம் இதே பெரியம்மா கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டாள். கர்த்தர் லென்ஸ் வைக்கவில்லை, டாக்டர்தான் வைத்தார். வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஆனால் அவள் போன பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் போகவில்லை. மாத்திரை இல்லையென்றால் நோய் இல்லை. நோய் இல்லையென்றால் மறைத்ததும் இல்லை. எவ்வளவு சுலபம்.

ஜனவரி 27, திங்கள்

விசுவாசத்தோடு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இன்றிலிருந்து பாதி மாத்திரை. ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து என்பது எனக்குத் தெரியாதா என்ன.

கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாராம், உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறதாம். "நல்லா இருக்கது மாத்திரையாலதான் தாத்தா, நிறுத்துனா தெரியும்" என்று ஒரு பாட்டம் திட்டி அனுப்பினேன். அண்ணாச்சி, "எங்க எப்சி டாக்டருக்கு மேல" என்று பெருமைப்பட்டார். நான் சில்லறையை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஜனவரி 30, வியாழன்

மாலையில் அவர் பேசினார். போனில், பால் எத்தனை டிகிரியில் கெடும், லாரி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்று ஒரே பால் புராணம். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் குரல் மாறியது.

"ஒரு விஷயம் சொல்லணும். வீட்டுல சொல்லாதன்னாங்க. ஆனா ஓலை வாசிக்கதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சிக்கிடணும். எனக்கு வலது காது சுத்தமா கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. வேண்டாம்னு தோணிச்சுன்னா இப்பவே சொல்லிருங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அன்றைக்கு முகத்தைத் திருப்பி வைத்திருந்தது தலைக்கனம் இல்லை. இடது காதை எங்கள் பக்கம் வைத்திருந்திருக்கிறார்.

"பரவாயில்லை" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ரெண்டு நாளா சோறு இறங்கல, தெரியுமா" என்றார்.

அப்போதே சொல்லியிருப்பேன். அம்மா பக்கத்தில் இருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

முதலாம் ஓலை. ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். என் முழுப்பெயர் எப்சிபா கிறிஸ்டிலா என்பது இன்றைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. சித்திமார் சிரித்தார்கள். "தடை உண்டென்று யாராவது அறிந்தால் இப்போது தெரியப்படுத்தலாம். இது முதலாம் தரம்" என்று சொல்லி நிறுத்தினார்.

அந்த இடைவெளி நான் நினைத்ததைவிட நீளம். மின்விசிறி ஒன்று 'கடக் கடக்' என்றது. அந்தக் கோயிலிலேயே தடையை அறிந்தவர்கள் மூன்று பேர், ஒரே பெஞ்சில். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், வளையல் பதிகிற அளவுக்கு. ஐயர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

பிப்ரவரி 5, புதன்

இன்று முழுக்க நிறுத்திவிட்டேன். போனில் இருந்த இரண்டு எட்டு மணி அலாரங்களையும் அழித்தேன். ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் காபி டம்ளர் வழுக்கிவிட்டது. எண்ணெய்க் கை.

பிப்ரவரி 8, சனி

சீப்பு வழுக்கியது. நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டாம் ஓலை. மின்விசிறியைப் பழுது பார்த்துவிட்டார்கள். இன்று ஒரு சத்தமும் இல்லை. அதற்கு அந்த 'கடக் கடக்' தேவலாம்.

ஓய்வுநாள் பள்ளியில் இந்த வாரப் பாடம் இயேசுவின் சோதனைகள். நான் தேர்ந்தெடுத்தது அல்ல, அட்டவணையில் வந்தது. பிசாசு அவரைத் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான், அவர் குதிக்கவில்லை என்று கதையைச் சொன்னேன். ஏன் குதிக்கவில்லை என்று கேட்டேன். ஒருத்தன் பயம் என்றான். பெர்ஸிஸ் என்ற ஆறு வயதுக்காரி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஏறிப் போனா படிக்கட்டு இருக்கும்லா? அதுலயே இறங்கி வந்துருவாரு. எதுக்குக் குதிக்கணும்?"

பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடையில் இருமல் மருந்துப் பாட்டில் இரண்டு உடைந்தன. கை தானாகச் சுண்டி ஒரு வெட்டு வெட்டியது. "மாப்பிள்ள நெனப்பு" என்று அண்ணாச்சி கிண்டல் செய்தார். நானும் வெட்கப்படுவது போல நடித்துக்கொண்டே கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

எனக்குப் பதினாறு வயதில் பெரிய வலிப்பு வருவதற்கு முந்தைய வாரமும் இப்படித்தான் காலை நேரத்தில் கை வெட்டும். டம்ளர், சீப்பு, பேனா எல்லாம் விழும். அப்போது அம்மா கவனமில்லை என்று திட்டுவாள். இதை எழுதாமல் நாலு நாள் ஓட்டினேன்.

டப்பா அலமாரியில்தான் இருக்கிறது. கை நீட்டினால் போதும். ஆனால் அதை எடுத்தால் நான் நோயாளி. நோயாளி என்றால் பொய்க்காரி. கர்த்தாவே, இன்னும் பதிமூன்று நாள் என்னைத் தாங்கும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு ஜெபத்தை நான் இதுவரை செய்ததில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

காலையில் சித்தி மகள் மெர்சி கைக்குழந்தையோடு வந்தாள், பலகாரம் சுட உதவி செய்ய. அடுப்பில் முறுக்குச் சட்டி, எண்ணெய் கொதிக்கிறது. "அக்கா, ஒரு நிமிசம் இவள வச்சிக்கோ, கைய கழுவிட்டு வாரேன்" என்று குழந்தையை என் கையில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். ஐந்து மாதக் குழந்தை. என் தாலிச் சங்கிலிக்கு அளவெடுத்த நூலைப் பிடித்து வாயில் வைத்தாள்.

அப்போது கை வெட்டியது. ஒரு தடவை. குழந்தை என் கையிலிருந்து முக்கால்வாசி நழுவிவிட்டாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், விழுந்தேன் என்றே சொல்லலாம். குழந்தையின் ஒரு கால் என் இரண்டு விரலுக்குள் இருந்தது. தலை என் மடியில். அடுப்புக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

குழந்தை அழவில்லை. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஓடி வந்து குழந்தையை வாங்கி மெர்சியிடம் கொடுத்து, "கூடத்துல வச்சுக்கோ, இங்க புகை" என்று அனுப்பினாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்ப நிறுத்துன?"

"போன புதன்."

அம்மா எழுந்து போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். "போடு. ஜெபமணி என்ன, யாரு சொன்னாலும் இனி நிறுத்தப்பிடாது. கர்த்தர் மேல ஆணை." எனக்குக் குடிக்கக் கொடுத்தாள். அவ்வளவு அன்பாக அம்மா என்னைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

நான் டாக்டருக்கு போன் போட்டேன். இன்றைக்கே பழைய அளவைத் தொடங்கச் சொன்னார், வண்டி ஓட்டாதே என்றார், எரியும் அடுப்புப் பக்கம் போகாதே என்றார். நிறைய திட்டினார்.

மாலையில் அம்மா ஒரு வைட்டமின் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். இந்த டைரியில் விளம்பரம் இருக்கிறதே, அதே வைட்டமின். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு என் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள்.

"அங்க போயி இத வெளியவே வச்சுக்கலாம். யாரு கேட்டாலும் சத்து மாத்திரைன்னு சொல்லு. தீர்ந்தா நான் வாங்கிட்டு வந்து மாத்தித் தாரேன்."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு இரண்டு தடவை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் சத்து மாத்திரை போடுவேன். அம்மா காலத்துக்குப் பிறகு யார் மாற்றித் தருவார்கள்? பிள்ளை உண்டானால் அந்த டாக்டரிடம் என்ன சொல்வேன்? ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் எனக்கு வந்துவிட்டால், வாயில் நுரையோடு எதைச் சொல்லிச் சமாளிப்பேன்? கல்யாணம் முடிந்ததும் இந்தப் பொய்யும் முடிந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது ஆரம்பிக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாலையில் அவர் பேசினார். இப்போதெல்லாம் நீ, வா, போ என்று ஆகிவிட்டது.

"ஐயர்கிட்ட கேட்டேன் எப்சி. பீடத்துக்கு முன்னால பொண்ணு மாப்பிள்ளைக்கு இடது பக்கம்தான் நிக்கணுமாம். நல்லதாப் போச்சு, அதுதான் என் நல்ல காது. நான் உடன்படிக்கையில தடுமாறுனா நீ மெதுவாச் சொல்லிக் குடு. நீ சொல்லுத எல்லாம் எனக்குக் கேக்கும்."

அப்போதும் என் விஷயத்தை நான் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில்

இல்லை. அம்மா தையல்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். ஜனவரி 30 அன்றும் அம்மா பக்கத்தில் இல்லை, பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். டைரியில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதினேனோ.

என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. போன் என் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டேன். முழங்கால் போட்டேன். நீளமான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "படிக்கட்டிலேயே இறங்கி வருகிறேன் ஆண்டவரே, விழாமல் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். எட்டேகாலுக்கு அவருக்கு போன் போட்டேன்.

மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். பதினைந்து வருஷத்தை.

அவர் பக்கம் பால் கேன்கள் மோதுவது கேட்டது.

"நான் காதப் பத்திச் சொன்ன அன்னைக்கு நீ என்ன சொன்ன?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

"அவ்வளவுதான் சொன்னியா?"

"அவ்வளவுதான்."

"நான் எவ்வளவு பயந்து போயிச் சொன்னேன் தெரியுமா?" குரல் உடைந்தது. "வைக்கேன்."

அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. கடைசிப் பல் வரை உரித்துவிட்டு, "மூணாவதும் போச்சா" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவர் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கோயிலுக்குத் தனியாகப் போகலாம் என்று கிளம்பினேன். வாசலில் அம்மா பட்டுச் சேலையில் நின்றாள், வேதப்புத்தகத்தோடு. "நட" என்றாள்.

அறிவிப்பு வந்தது. முதலில் மேலத்தெருப் பெண்ணின் ஓலை. வாசித்து, மூன்றாம் தரம் என்று முடித்தார். அடுத்தது நாங்கள்தான். ஐயர் நோட்டைப் பார்த்தார், எங்கள் பெஞ்சைப் பார்த்தார், நோட்டை மூடினார். "இப்போது பாட்டுப் பாடுவோம்" என்றார். எங்களுக்கு வராத தகவல் அவருக்குப் போயிருக்கிறது.

எல்லாத் தலையும் திரும்பியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெட்கம் உச்சந்தலை வரை ஏறியது. அழுகையும் வந்தது, சிரிக்கும்போது நன்றாக இருக்கும் அந்த முகத்துக்காக. ஆனாலும் ஆர்மோனியம் தொடங்கியதும் எழுந்து நின்றேன். இரண்டு வாரமாக இந்த இடத்தில் எனக்குப் பாட்டு வராது, வாயசைப்பேன். இன்று குரல் வந்தது. கரகரவென்றுதான், ஆனால் வந்தது. அம்மாவும் பாடினாள், என் கையைப் பிடிக்காமல்.

வாசலில் பெரியம்மா வழிமறித்தாள். "அவிசுவாசத்தால ஆசீர்வாதத்த இழந்துட்டியே பாவி."

"பெரியம்மா, உங்க கண்ணுல வச்ச லென்ஸ எடுத்துட்டு வாங்க, ரெண்டு பேருமாச் சேர்ந்து ஜெபிப்போம்" என்றேன். இதற்கு மட்டும் பிறகு வருத்தப்பட்டேன். கொஞ்சமாக.

பிப்ரவரி 18, செவ்வாய்

வைட்டமின் டப்பாவைக் குப்பையில் போட்டேன். மாத்திரைகளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டி, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு அலாரங்களையும் திரும்ப வைத்தாயிற்று.

அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த உயர ஸ்டூலை எடுத்துவிட்டு, கைவைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

கை வெட்டுவது நின்றுவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று என் கல்யாண நாள்.

காலை ஏழே முக்காலுக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தது அம்மா. வாசலில் கிதியோன், முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார், தனியாக. சட்டை கசங்கியிருந்தது. அம்மா விலகி நின்றாள். அவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்து, அதைத் திருப்பி, இடது காது என் பக்கம் வருகிற மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ சொன்னதுல பாதி கோவத்துல எனக்கு மனசுல ஏறல. முதல்ல இருந்து சொல்லு."

"பதினாறு வயசுல, பள்ளிக்கூடத்துல, காலைப் பிரேயர்ல நிக்கும்போது" என்று ஆரம்பித்தேன். அம்மாவை அழைத்தது, எழுந்தபோது எல்லாப் பிள்ளைகளும் தள்ளி நின்றது, முதல் சம்பந்தம், இரண்டாவது சம்பந்தம், பெரியம்மா, பாதி மாத்திரை. மெர்சியின் குழந்தையைப் பற்றிச் சொல்ல வந்தபோது அலாரம் அடித்தது. எட்டு மணி.

அம்மா பதறிப் போய் போனை எடுக்கப் பாய்ந்தாள், பழக்க தோஷம். "இருக்கட்டும்மா" என்றேன். அடிக்க விட்டுவிட்டு, குப்பியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் பார்க்கப் பார்க்கப் போட்டேன். தண்ணீர் குடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான். தினமும்."

"தினமும்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். குப்பியை எடுத்து, நான் ஒட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எனக்கு இன்னும் கோவம் போகல, எப்சி. எங்க அம்மா வேண்டவே வேண்டாம்னுதான் சொல்லுதாவ. தபசுகாலம் முடியுத வரைக்கும் எப்படியும் ஓலை வாசிக்கிறதுல்ல. அதுக்குள்ள நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது."

"சரி" என்றேன். என்னால் அதை நடுக்கமில்லாமல் சொல்ல முடிந்தது.

அம்மா அடுக்களையில் காபி போடுகிற சத்தம் கேட்டது. அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு? மிச்சத்தையும் சொல்லு."

சொன்னேன்.